தானாக நகர்ந்த மவுஸ்... இருளில் மூழ்கிய ஊர்கள்! - கரன்ட்டை ஹேக் செய்ய முடியுமா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி. மதுரையில் பெரியம்மா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். பெரியம்மாவின் போனுக்கு ஒரு மெசேஜ். 'போன மாத பில் அப்டேட் ஆகவில்லை. இன்று இரவு 9.30 மணிக்கு உங்கள் வீட்டு மின் இணைப்பு துண்டிக்கப்படும். உடனே எங்கள் அதிகாரியைத் தொடர்புகொள்ளவும்' என்று அரைகுறை ஆங்கிலத்தில் இருந்தது. கூடவே ஒரு செல்போன் நம்பர்.

மணி அப்போது எட்டே முக்கால். ஃப்ரிட்ஜில் மாவு இருக்கிறது, மறுநாள் பேத்திக்குப் பரீட்சை. பெரியம்மா பதறிப்போய் அந்த நம்பருக்கு அடித்தே விட்டார். எதிர்முனையில் ரொம்ப மரியாதையான குரல். "பத்து ரூபா மட்டும் கட்டுங்க மேடம், சிஸ்டம்ல அப்டேட் ஆகிடும். அதுக்கு முன்னாடி இந்த ஆப்பை இன்ஸ்டால் பண்ணுங்க" என்று ஒரு லிங்க் வந்தது. பெரியம்மாவின் விரல் லிங்க் மேல் போகும்போதுதான் பெரியப்பா சாப்பாட்டுத் தட்டில் இருந்து நிமிர்ந்தார்.

"ஏப்பா, நமக்கு ரெண்டு மாசத்துக்கு ஒருக்காதானே ரீடிங்கே எடுக்குறான்? இவன் என்ன போன மாச பில்லுங்கறான்?"

அந்த ஒரு கேள்வியில் போன் கட். பெரியப்பா மின்வாரியத்தில் துணை மின் நிலைய ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். இல்லையென்றால் பெரியம்மாவின் சேமிப்புக் கணக்கு அன்றைக்கே காலியாகி இருக்கும். அந்த ஆப்பை இறக்கியிருந்தால் போனில் அவர் தொடுவது, டைப் அடிப்பது எல்லாமே எதிர்முனைக்குத் தெரிந்திருக்கும்.

எல்லாம் அடங்கிய பிறகு பெரியம்மா கேட்டார். "அவன் நம்ம போனுக்குள்ள வர்றான் சரி. ஈ.பி. ஆபீஸ் கம்ப்யூட்டருக்குள்ளயே போயி நிஜமாவே கரன்ட்டை நிறுத்திட முடியுமா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது, அது ஏற்கெனவே நடந்திருக்கிறது. அதுவும் பெரியம்மாவுக்கு வந்தது போன்ற ஒரு மெசேஜில் இருந்துதான் தொடங்கியிருக்கிறது.

தானாக நகர்ந்த மவுஸ்

2015, டிசம்பர் 23. உக்ரைன் நாட்டின் மேற்குப் பகுதியில் உள்ள இவானோ ஃபிராங்கிவ்ஸ்க் மாகாணம். கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு, நல்ல குளிர். மதியம் மூன்றரை மணி. அந்தப் பகுதிக்கு மின்சாரம் வழங்கும் நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறையில் ஷிஃப்ட் முடியும் நேரம். ஓர் ஊழியர் மேஜையில் காகிதங்களை அடுக்கிக்கொண்டிருக்கிறார். அவர் எதிரே இருந்த கம்ப்யூட்டர் திரையில் மவுஸ் அம்புக்குறி தானாக நகர்கிறது.

யாரும் மவுஸைத் தொடவில்லை. ஆனால் அம்புக்குறி நேராக ஒரு துணை மின் நிலையத்தின் பிரேக்கர் பட்டன்மீது போய் நிற்கிறது. க்ளிக். 'நிச்சயமாக நிறுத்தவா?' என்று கேட்டு ஒரு சின்னப் பெட்டி திறக்கிறது. அதற்கும் ஒரு க்ளிக். எங்கோ ஆயிரக்கணக்கான வீடுகளில் விளக்கும் ஹீட்டரும் அணைகின்றன.

அவர் பாய்ந்து மவுஸைப் பிடிக்கிறார். அது அவர் சொல்பேச்சைக் கேட்கவில்லை. அம்புக்குறி அடுத்த பிரேக்கரை நோக்கிப் போகிறது. திடீரென்று கம்ப்யூட்டர் அவரை லாக்-அவுட் செய்கிறது. திரும்ப உள்ளே போக முயன்றால் பாஸ்வேர்டு தவறு என்கிறது. உள்ளே இருந்தவர்கள் பாஸ்வேர்டை மாற்றிவிட்டார்கள். அவரால் செய்ய முடிந்ததெல்லாம், தன் ஊரின் பிரேக்கர்கள் ஒவ்வொன்றாக விழுவதை உட்கார்ந்து பார்ப்பது மட்டும்தான். அந்த அறையில் இருந்த ஒருவர் அதைச் செல்போனில் வீடியோ எடுத்ததால், 'பேய் மவுஸ்' நகர்வதை இன்று நாமும் பார்க்க முடிகிறது. பேய்ப் படம் பார்த்தால்கூட எனக்கு அவ்வளவு சில்லிட்டதில்லை.

அதே அரை மணி நேரத்துக்குள் செர்னிவ்ட்ஸி, கீவ் மாகாணங்களின் மின் நிறுவனங்களிலும் இதே கதை. மொத்தம் மூன்று நிறுவனங்கள், இரண்டேகால் லட்சம் மின் இணைப்புகள். இணைப்புக்கு இரண்டு மூன்று பேர் என்று வைத்தால் எத்தனை லட்சம் மனிதர்கள் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். உலகில் ஹேக்கிங் மூலம் ஊர்களை இருட்டாக்கியதாக உறுதிசெய்யப்பட்ட முதல் சம்பவம் இதுதான்.

திட்டமிட்டவர்கள் கரன்ட்டை நிறுத்துவதோடு விடவில்லை. கட்டுப்பாட்டு அறைக்கு கரன்ட் போனால் கைகொடுக்க யு.பி.எஸ். இருக்கும் இல்லையா, அதன் அமைப்புகளையும் முன்கூட்டியே மாற்றி வைத்திருந்தார்கள். ஊரை வெளிச்சமாக்க வேண்டியவர்களே இருட்டில் உட்கார வேண்டும் என்ற எண்ணம். 'கரன்ட் இல்லையே' என்று மக்கள் புகார் சொல்லக் கூப்பிடும் கால் சென்டருக்கு ஆயிரக்கணக்கில் போலி அழைப்புகளை அனுப்பி, உண்மையான வாடிக்கையாளர்களின் அழைப்பு உள்ளே வராமல் அடைத்தார்கள். துணை மின் நிலையங்களில் கட்டுப்பாட்டு அறையின் கட்டளையை மொழிபெயர்த்துக் கொடுக்கும் சின்னக் கருவிகள் இருக்கும். ஒரு டஜனுக்கும் மேற்பட்ட நிலையங்களில் அவற்றின் மென்பொருளை அழித்து, வெறும் டப்பாவாக்கினார்கள். கடைசியில் வெளியேறும்போது கம்ப்யூட்டர்களின் ஹார்டு டிஸ்க்கையும் துடைத்துவிட்டுப் போனார்கள்.

இவ்வளவுக்கும் நுழைவாயில் எது தெரியுமா? ஓர் இ-மெயில். அதே ஆண்டின் முற்பகுதியில், அலுவலக ஊழியர்கள் சிலருக்கு வேர்டு, எக்ஸெல் ஃபைல்கள் இணைத்து மெயில் வந்தது. திறந்தால், 'முழுதாகப் பார்க்க மேக்ரோவை அனுமதியுங்கள்' என்று கேட்டது. யாரோ ஒருவர் அனுமதித்தார். 'பிளாக் எனர்ஜி' என்ற வைரஸ் உள்ளே வந்தது.

அலுவலகக் கம்ப்யூட்டருக்கும் மின் கட்டுப்பாட்டுக் கம்ப்யூட்டருக்கும் நடுவே தடுப்புச்சுவர் இருந்தது உண்மை. ஆனால் வீட்டில் இருந்தோ வேறு ஊரில் இருந்தோ வேலை பார்க்கும் ஊழியர்களுக்காக அந்தச் சுவரில் ஒரு கதவும் இருந்தது. அந்தக் கதவுக்குத் தேவை ஒரு யூசர் நேம், ஒரு பாஸ்வேர்டு. ஓ.டி.பி. கிடையாது. நாம் 50 ரூபாய் ரீசார்ஜுக்குப் போடும் ஓ.டி.பி. அந்தக் கதவுக்கு இருந்திருந்தால் வேலை ரொம்பவே கடினமாகியிருக்கும். ஹேக்கர்கள் ஆறு மாதத்துக்கும் மேல் பொறுமையாக உள்ளேயே இருந்து, யார் எப்போது லாக்-இன் செய்கிறார்கள், எந்த பட்டன் எந்த ஊருக்கு என்று பாடம் படித்தார்கள். அதன்பிறகே கைவைத்தார்கள்.

மின்சாரம் ஒன்று முதல் ஆறு மணி நேரத்துக்குள் திரும்பிவிட்டது. எப்படி? கம்ப்யூட்டரை நம்புவதை விட்டுவிட்டார்கள். ஊழியர்கள் வண்டிகளை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு துணை மின் நிலையமாகப் போய், பிரேக்கர்களைக் கையால் போட்டார்கள். அழிக்கப்பட்ட கருவிகளுக்கு மாற்று வரும்வரை, பல நிலையங்களில் மாதக்கணக்கில் அந்தக் கைவேலைதான் நடந்தது.

"அப்போ ஹேக் பண்ணணும்னா என்னைத்தான் பண்ணணும்!"

இந்தக் கதையைப் பெரியப்பாவிடம் சொன்னேன். மனிதர் சிரித்தார்.

"நான் வேலைக்குச் சேந்தப்போ ஸ்டேஷன்ல கம்ப்யூட்டரே கிடையாதுப்பா. மணிக்கொரு தடவ மீட்டரைப் பாத்து நோட்டுல எழுதணும். எந்த ஃபீடரை நிறுத்தணும்னாலும் போன்ல ஆர்டர் வரும். யாரு பேசுறா, எத்தன மணிக்குன்னு எழுதிவெச்சு, திருப்பிப் படிச்சுக் காட்டிட்டுதான் சுவிட்ச் மேலயே கை வைப்போம். அப்போ ஹேக் பண்ணணும்னா என்னைத்தான் பண்ணணும்!"

அந்த போனே ஒரு சுவாரஸ்யம். ஊருக்குள் போகும் டெலிபோன் லைன் கிடையாது. உயரழுத்த மின் கம்பியிலேயே பேச்சையும் ஏற்றி அனுப்புவார்கள். ஒரே கம்பியில் கரன்ட்டும் போகும், 'ஹலோ'வும் போகும்.

இப்போது அந்த இடத்தை 'ஸ்காடா' பிடித்துவிட்டது. ஒவ்வொரு துணை மின் நிலையத்திலும் ஒரு பெட்டி. அது வோல்டேஜ், கரன்ட், பிரேக்கர் மூடியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்பதைச் சில விநாடிகளுக்கு ஒருமுறை கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்கிறது. அங்கே இருப்பவர் திரையில் க்ளிக் செய்தால், பல கிலோமீட்டர் தள்ளி பிரேக்கர் இயங்குகிறது. நீண்ட பயணத்தில் ஜன்னல் வழியே பெரிய மின் கோபுரங்களைப் பார்த்திருப்பீர்கள். உச்சியில் ஒல்லியாக ஒரு கம்பி போகும். இடி தாங்கத்தான் அது. இன்று பல லைன்களில் அதற்குள் கண்ணாடி இழை கேபிளும் இருக்கிறது. கரன்ட்டுக்குத் துணையாகத் தகவலும் தலைக்கு மேலேயே ஓடுகிறது. முக்கியமான நிலையங்களில் விநாடிக்கு 25 முறை அளவெடுத்து, செயற்கைக்கோள் நேரத்தை முத்திரை குத்தி அனுப்பும் கருவிகளும் வந்துவிட்டன.

இதெல்லாம் எதற்கு, பழையபடி நோட்டில் எழுதினால் போதாதா என்று கேட்கலாம். போதாது. பெரியப்பா காலத்தில் அனல், நீர், அணு என்று மின்சாரம் வரும் இடங்களை விரல் விட்டு எண்ணலாம். இன்று தமிழ்நாட்டில் காற்றாலைகளின் திறன் மட்டுமே 10 ஆயிரம் மெகாவாட்டைத் தாண்டுகிறது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று வேகம் குறைந்தால், அந்தக் குறையை வேறு எங்கோ நிமிடங்களில் ஈடுகட்ட வேண்டும். போதாததற்கு மொட்டை மாடி சோலார், மின்சார ஸ்கூட்டர், கார். இதை போனில் ஆர்டர் வாங்கி நோட்டில் எழுதிச் சமாளிக்க முடியாது. சென்னையில் ஒரு தெருவில் கேபிள் பழுதானால், அந்தத் துண்டை மட்டும் கழற்றிவிட்டு மற்ற வீடுகளுக்கு வேறு பக்கத்தில் இருந்து கரன்ட்டைத் திருப்பிவிட நடைபாதை ஓரம் பெட்டிகள் வைத்திருக்கிறார்களே, அதுவும் இந்த ஆட்டோமேஷனின் ஒரு பகுதிதான்.

ஆக, கம்ப்யூட்டர் வேண்டும். ஆனால் தூரத்தில் இருந்து நல்லவர் திறக்கக்கூடிய கதவை, கெட்டவரும் தூரத்தில் இருந்தே திறக்கலாம்.

மவுஸே தேவையில்லை

உக்ரைன் கதைக்கு அடுத்த ஆண்டே இரண்டாம் பாகம் வந்தது. 2016, டிசம்பர் 17. நள்ளிரவு நெருங்கும் நேரம். தலைநகர் கீவுக்கு வடக்கே உள்ள பிவ்னிச்னா என்ற 330 கிலோவோல்ட் துணை மின் நிலையம் படுத்துவிட்டது. அந்த நேரத்தில் கீவ் நகரம் பயன்படுத்திய மின்சாரத்தில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு போனது. இந்த முறையும் கையால் இயக்கித்தான் காப்பாற்றினார்கள். ஒன்றேகால் மணி நேரத்தில் வெளிச்சம் வந்துவிட்டது.

ஒன்றேகால் மணி நேரமா, நம் ஊர் மெயின்டனன்ஸ் ஷட்டவுனைவிடக் குறைவுதானே என்று தோன்றும். ஆனால் நிபுணர்களை அதிரவைத்தது நேரம் அல்ல, முறை. முதல் தாக்குதலில் ஆட்கள் உட்கார்ந்து மவுஸை நகர்த்தினார்கள். இரண்டாவதில் அதையும் ஒரு மென்பொருளே செய்தது. ஸ்லோவாக்கியாவின் ஈசெட் நிறுவனம் அதை ஆராய்ந்து 2017 ஜூனில் 'இண்டஸ்ட்ராயர்' என்று பெயர் வைத்தது. மின் நிலையக் கருவிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் மொழிகளை அது சரளமாகப் பேசியது.

அந்த மொழிகளில்தான் சிக்கலே. அவற்றில் சில 1990-களில் உருவானவை. அப்போது மின் நிலையங்கள் தனித் தீவுகள். 'திற' என்று கட்டளை வந்தால் அது கட்டுப்பாட்டு அறையில் இருந்துதான் வரும், வேறு யார் சொல்லப்போகிறார்கள் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்டவை. அதனால், 'நீ யார்?' என்று கேட்கும் வழக்கமே அவற்றுக்கு இல்லை. யார் சொன்னாலும் திறக்கும். பெரியப்பாவாவது பேசுபவர் பெயரைக் கேட்டு நோட்டில் எழுதினார்!

கரன்ட் போனால் திரும்ப வந்துவிடும். கருவியே உடைந்தால்? அமெரிக்க அரசு 2007 மார்ச்சில் இடாஹோ தேசிய ஆய்வகத்தில் அதையும் சோதித்துப் பார்த்தது. 27 டன் எடையுள்ள ஒரு டீசல் ஜெனரேட்டரை மின் கட்டமைப்பில் இணைத்தார்கள். அதைக் காக்க வேண்டிய ரிலேக்குள் சில வரிக் கட்டளைகளை அனுப்பி, இணைப்பைச் சட்டென்று துண்டித்து, தாளம் தப்பிய நொடியில் மறுபடி சேர்த்தார்கள். ஓடும் பஸ்ஸில் ஏறுபவர் அதே வேகத்தில் ஓடி ஏறினால் தப்பிப்பார், நின்ற இடத்தில் இருந்து கம்பியைப் பிடித்தால் தோள்பட்டை கழன்றுவிடும் இல்லையா? ஜெனரேட்டருக்கும் அதுதான் நடந்தது. குலுங்கிக் குலுங்கி, சில நிமிடங்களில் கரும்புகை கக்கி நின்றது. சுத்தியல் இல்லை, வெடி இல்லை. வெறும் கட்டளைகள்.

உக்ரைன் தாக்குதல்களுக்கு ரஷ்ய ராணுவ உளவுத்துறையைச் சேர்ந்த 'சாண்ட்வார்ம்' குழுதான் காரணம் என்று குற்றம்சாட்டி, அமெரிக்க நீதித்துறை 2020 அக்டோபரில் ஆறு அதிகாரிகள்மீது வழக்கு போட்டது. ரஷ்யா மறுக்கிறது. போர் தொடங்கிய பிறகு, 2022 ஏப்ரலில் அதே மென்பொருளின் புதிய வடிவம் உக்ரைனில் மறுபடி ஏவப்பட்டது. இந்த முறை முன்கூட்டியே கண்டுபிடித்து முறியடித்தார்கள். இரண்டு தடவை அடிபட்டவர்கள் பாடம் படித்திருந்தார்கள்.

நம்ம ஊர்ப் பக்கம்?

'அதெல்லாம் உக்ரைன், ரஷ்யா சண்டை. நமக்கென்ன?' என்று ஸ்க்ரோல் செய்துவிடாதீர்கள்.

2019-ல் நம் கூடங்குளம் செய்தியில் அடிபட்டது நினைவிருக்கலாம். அணு மின் நிலையத்தில் வைரஸ் என்று சமூக வலைதளங்களில் தகவல் பரவியது. நிலையத் தரப்பு முதலில் மறுத்தது. மறுநாளே, அக்டோபர் 30-ம் தேதி, இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. நிர்வாக வேலைகளுக்கான நெட்வொர்க்கில் இணைந்திருந்த ஒரு கம்ப்யூட்டரில் வைரஸ் இருந்தது உண்மை, அணு உலைகளை இயக்கும் அமைப்பு அதில் இருந்து முழுமையாகப் பிரிக்கப்பட்டது, அங்கே பாதிப்பு இல்லை என்றது. செப்டம்பர் 4-ம் தேதியே தகவல் வந்துவிட்டது என்பதும் அந்த அறிக்கையில்தான் தெரிந்தது. பிரிவுச்சுவர் காப்பாற்றியது, நல்ல விஷயம். முதல் நாள் மறுப்பு யாருக்கு உதவியது என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

அடுத்தது மும்பை. 2020, அக்டோபர் 12. காலையில் மின்சாரம் போய், லோக்கல் ரயில்கள் பாதி வழியில் நின்றன. கொரோனா உச்சத்தில் இருந்த நேரம், மருத்துவமனைகள் ஜெனரேட்டரில் ஓடின. அதற்கு நான்கு மாதம் கழித்து, அமெரிக்காவின் ரெக்கார்டட் ஃபியூச்சர் நிறுவனம் ஓர் அறிக்கை வெளியிட்டது. சீனாவுடன் தொடர்புடைய 'ரெட் எக்கோ' என்ற குழு, இந்திய மின்துறை அமைப்புகள் பத்தையும் இரண்டு துறைமுகங்களையும் குறிவைத்தது என்றது. அந்தப் பட்டியலில் நமக்கு நெருக்கமான பெயர்கள் இரண்டு. ஒன்று, தென் மாநிலங்களின் மின் போக்குவரத்தைப் பெங்களூருவில் இருந்து கவனிக்கும் தென்மண்டல மின் பகிர்ந்தளிப்பு மையம். இன்னொன்று தூத்துக்குடி வ.உ.சிதம்பரனார் துறைமுகம்.

மும்பையை இருட்டாக்கியது அவர்கள்தானா? மகாராஷ்டிர அரசு 'சைபர் சதிக்கு வாய்ப்பு' என்றது. மத்திய மின்துறை அமைச்சர் 'மனிதத் தவறுதான்' என்றார். அறிக்கை எழுதிய நிறுவனமே இரண்டையும் இணைக்க ஆதாரம் இல்லை என்று சொல்லியிருந்தது. சீனா மறுத்தது. நம் மையங்களின் செயல்பாட்டில் பாதிப்பு இல்லை, 2020 நவம்பரிலேயே எச்சரிக்கை வந்து நடவடிக்கை எடுத்துவிட்டோம் என்றது மின்துறை அமைச்சகம். ஒரு தாக்குதல் நடந்ததா இல்லையா என்பதையே சண்டை போட்டுத் தீர்க்க வேண்டியிருக்கிறது என்பதுதான் இந்த விவகாரத்தின் ஸ்பெஷல்.

இதில் தமிழ்நாட்டுக்குத் தனியாக ஒரு கவலை உண்டு. 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்தியாவில் அடுத்தடுத்து மின்கட்டமைப்பு சரிந்தது. இரண்டாம் நாள் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு என்று 60 கோடிப் பேர் வாழும் பகுதி இருண்டது. ஹேக்கிங் இல்லை, லைன்களில் தாங்க முடியாத சுமை. அன்று நமக்கு ஒன்றும் ஆகவில்லை, காரணம் தென் மண்டலம் அப்போது தனியாக ஓடிக்கொண்டிருந்தது. 2013 டிசம்பர் 31-ம் தேதி, ராய்ச்சூர் - சோலாப்பூர் லைன் வழியாக நாமும் அந்தப் பெரிய குடும்பத்தில் சேர்ந்தோம். இப்போது காஷ்மீரில் இருந்து கன்னியாகுமரி வரை ஒரே தாளம், 50 ஹெர்ட்ஸ். பற்றாக்குறை வந்தால் வடக்கில் இருந்து வாங்கலாம், காற்று அதிகம் அடித்தால் விற்கலாம். கூட்டுக் குடும்பம் மாதிரிதான், லாபமும் சேர்ந்து வரும், சங்கடமும் சேர்ந்து வரும்.

குரங்கையும் மறக்கக் கூடாது

கரன்ட் போனதுமே 'ஹேக்கர்' என்று வாட்ஸ்அப்பில் தட்டிவிடுவதும் ஆபத்துதான். 2025 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. இலங்கை முழுவதும் மின்சாரம் போனது. காரணம், பாணந்துறை துணை மின் நிலையத்துக்குள் புகுந்து டிரான்ஸ்ஃபார்மரைத் தொட்ட ஒரு குரங்கு என்றார் அந்நாட்டு எரிசக்தி அமைச்சர். அதே ஆண்டு ஏப்ரல் 28-ல் ஸ்பெயினும் போர்ச்சுகலும் மொத்தமாக இருண்டபோது, முதல் சில மணி நேரம் உலகமே 'சைபர் தாக்குதல்' என்றது. ஸ்பெயின் அரசின் விசாரணையில் அப்படி ஆதாரம் இல்லை, வோல்டேஜ் கட்டுக்கடங்காமல் ஏறியதுதான் காரணம் என்று தெரியவந்தது.

உலகம் முழுக்க மின்தடைகளில் பெரும்பாலானவை புயல், மரக்கிளை, அணில், பழைய கேபிள் வகையறாதான். ஹேக்கர்கள் அபூர்வம். ஆனால் குரங்கு ஆறு மாதம் உள்ளே உட்கார்ந்து எந்த பட்டன் எந்த ஊருக்கு என்று படிக்காது. யு.பி.எஸ்ஸையும் அணைத்துவிட்டுப் போகாது.

வீட்டு வாசலில் ஒரு கம்ப்யூட்டர்

இனி இது நம் வீட்டு வாசல் வரை வரப்போகிறது. நாடு முழுக்க 25 கோடி ஸ்மார்ட் மீட்டர்கள் பொருத்துவது மத்திய அரசின் இலக்கு. தமிழ்நாட்டில் சென்னை தி.நகரில் சோதனை முறையில் ஏற்கெனவே பொருத்தினார்கள். ரீடிங் எடுக்க ஆள் வர வேண்டாம், மீட்டரே சொல்லிவிடும். கரன்ட் போனால் நாம் போன் செய்யும் முன்பே அலுவலகத்துக்குத் தெரியும். கதவு பூட்டியிருந்ததால் போன தடவை பில்லையே போட்டுவிட்டார்கள் என்ற பஞ்சாயத்தும் இருக்காது.

ஆனால் இந்த மீட்டருக்குள் தூரத்தில் இருந்தே இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்சும் இருக்கிறது. பில் கட்டாதவருக்கு லைன்மேன் வந்து ஃப்யூஸ் பிடுங்க வேண்டாம், அலுவலகத்தில் ஒரு க்ளிக் போதும். ஒரு வீட்டுக்கு அது ஒரு க்ளிக். யாராவது உள்ளே புகுந்து லட்சக்கணக்கான வீடுகளை ஒரே நொடியில் அணைத்தால்?

வீடுகள் அணைந்தால் மின்சாரம் மிச்சம்தானே என்று நினைக்கிறோம். மின்சாரத்தைப் பெரிய அளவில் சேர்த்து வைக்க முடியாததால், உற்பத்தியும் பயன்பாடும் எந்த நொடியிலும் சமமாக இருக்க வேண்டும். கொரோனா காலத்தில் 2020 ஏப்ரல் 5, இரவு 9 மணிக்கு ஒன்பது நிமிடம் விளக்கை அணைத்து அகல் ஏற்றினோமே, அன்று நாட்டின் மின் தேவை 31 ஆயிரம் மெகாவாட்டுக்கு மேல் சரிந்தது. கட்டுப்பாட்டு அறைகள் அதற்காக இரண்டு நாளாக ஒத்திகை பார்த்திருந்தன. நீர்மின் நிலையங்களை முதலில் முழுவீச்சில் ஓட்டி, சரியான நேரத்தில் 17 ஆயிரத்து 500 மெகாவாட் அளவுக்குக் குறைத்து, மறுபடி ஏற்றி, தாளம் தப்பாமல் பிடித்தார்கள். நாம் மாடியில் டார்ச் அடித்துக்கொண்டிருந்த அந்த ஒன்பது நிமிடமும் அவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் இருந்திருப்பார்கள். அது சொல்லிவைத்து நடந்தது. சொல்லாமல் நடந்தால் என்னாகும் என்பதுதான் கேள்வி.

இன்னொன்றும் இருக்கிறது. அரை மணிக்கு ஒருமுறை அளவெடுக்கும் மீட்டருக்கு, நீங்கள் எத்தனை மணிக்கு எழுந்து மோட்டார் போடுகிறீர்கள், எந்த வாரம் வீடு பூட்டிக் கிடக்கிறது என்பதெல்லாம் தெரியும். அந்தத் தகவல் யார் கைக்கும் போகாமல் பூட்டி வைப்பது மின்வாரியத்தின் பொறுப்பு. மீட்டர் விலை, டெண்டர் என்று பேசும் அளவுக்கு நாம் இதைப் பற்றிப் பேசுவதில்லை.

விதிகள் இல்லாமல் இல்லை. மத்திய மின்சார ஆணையம் 2021 அக்டோபரில் மின்துறைக்கென்றே சைபர் பாதுகாப்பு வழிகாட்டுதல்களை வெளியிட்டது. ஒவ்வொரு நிறுவனத்திலும் இதற்கென்று ஓர் அதிகாரி, கட்டுப்பாட்டு நெட்வொர்க்குக்கு இன்டர்நெட் தொடர்பு கூடாது, நம்பகமான இடத்தில் இருந்து மட்டுமே கருவிகள் வாங்க வேண்டும் என்று நீள்கிறது அது. சைபர் தாக்குதல் தெரிந்த ஆறு மணி நேரத்துக்குள் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்புக்குச் சொல்லியாக வேண்டும் என்பது 2022-ல் வந்த உத்தரவு. இதற்கு நடுவில் அமெரிக்கா வேறொரு யோசனையும் செய்தது. உக்ரைனைக் கைப்பழக்கம்தானே காப்பாற்றியது, நாமும் முக்கியமான இடங்களில் கையால் இயக்கும் பழைய முறைகளைத் திரும்பக் கொண்டுவந்தால் என்ன என்று ஆராயச் சொல்லி, 2019 டிசம்பரில் சட்டமே போட்டது.

பெரியப்பாவுக்கு இந்தச் செய்தியில் ஏக சந்தோஷம். பிரேக்கருக்குள் ஒரு ஸ்பிரிங் இருக்குமாம். மோட்டார் ஓடாவிட்டால் ஹேண்டில் போட்டுக் கையால் சுற்றி அந்த ஸ்பிரிங்கை முறுக்கலாமாம். "இப்ப சேர்ற பசங்கள்ல எத்தன பேருக்கு அந்த ஹேண்டில் எங்க மாட்டியிருக்குன்னு தெரியும்னு கேட்டுப் பாரு" என்றார். நான் கேட்கவில்லை. கேட்க வேண்டிய கேள்விதான்.

சரி, நம் கையில் என்ன இருக்கிறது? கிரிட்டைக் காப்பது நம் வேலை இல்லை. ஆனால் மொட்டை மாடி சோலார் போட்டவர்கள், இன்வெர்ட்டரின் வைஃபை ஆப்புக்குக் கம்பெனி கொடுத்த பாஸ்வேர்டையே வைத்திருந்தால் இன்றே மாற்றிவிடுங்கள். மின்வாரியப் பெயரில் வரும் மெசேஜில் பத்து இலக்க செல்போன் நம்பர் இருந்து, 'அதிகாரியைக் கூப்பிடு' என்றால் கூப்பிடாதீர்கள். சந்தேகம் வந்தால் நீங்களே 94987 94987 என்ற மின்னகம் எண்ணில் கேளுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்கு அடியுங்கள், எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு வாய்ப்பு.

பெரியம்மா இப்போது ரொம்பவே உஷார். போன வாரம் மின்வாரியத்தில் இருந்து நிஜமாகவே பில் மெசேஜ் வந்திருக்கிறது. 'இவனுங்களுக்கு வேற வேலையே இல்ல' என்று அதையும் அழித்துவிட்டார். கடைசித் தேதிக்கு முந்தின நாள் பெரியப்பா தற்செயலாக அட்டையைப் பார்த்து, ஈ.பி. ஆபீஸ் கவுன்ட்டரில் வரிசையில் நின்று கட்டிவிட்டு வந்தார்.